ஒரு பக்கத்தின் விலை

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. அரிசியையும் பருப்பையும் நிறுத்து வாங்குகிறோம். எண்ணெயை அளந்து வாங்குகிறோம். காகிதத்தை மட்டும் அட்டையின் அழகைக் கண்டு வாங்கிவிடுகிறோம்.

சென்னைக்குத் தெற்கே ஏரியும் வயலும் சூழ இருந்த சிற்றூர் பெருங்குடி. 2011-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியோடு இணைந்தது. இன்று அங்கே பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் துப்புரவுப் பணி செய்யும் தாய் ஒருத்தி, பள்ளி திறக்கும் நாளில் தன் மகளோடு கடைக்கு வருகிறாள் எனக் கொள்வோம். அவள் கையில் இருப்பது 340 ரூபாய். அதற்குள் ஆறு பாடங்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்க வேண்டும். 40 ரூபாய்க்குக் கவராயமும் கோணமானியும் வாங்க வேண்டும்.

கடையில் மூன்று வகை நோட்டுகள் உள்ளன. 100 பக்க நோட்டுகள் ஆறு கொண்ட வண்ணக் கட்டு 168 ரூபாய். அதாவது நோட்டு ஒன்று 28 ரூபாய். 120 பக்க நோட்டு 36 ரூபாய். 200 பக்க நோட்டு 50 ரூபாய். தாயின் கை வண்ணக் கட்டை நோக்கி நீளுகிறது.

"அம்மா, சற்றுப் பொறு. விலையைப் பக்கங்களால் வகுத்துப் பார்ப்போம்" என்கிறாள் மகள்.

வகுத்துப் பார்த்தால், கட்டில் ஒரு பக்கத்தின் விலை 28 காசு. இரண்டாவதில் 30 காசு. ஐம்பது ரூபாய் நோட்டிலோ 25 காசுதான். விலை மிகுந்ததாகத் தோன்றியதே மலிவானது!

"அப்படியானால் ஆறு பாடத்துக்கும் பெரியதையே வாங்கிவிடுவோம்" என்று மகள் மகிழ்கிறாள்.

தாய் சிரிக்கிறாள். "சென்ற ஆண்டு பொது அறிவுக் குறிப்பு நோட்டில் நீ அறுபது பக்கந்தானே எழுதினாய்? மற்றவை வெறுமையாகக் கிடந்தனவே!"

மகள் மீண்டும் கணக்கிடுகிறாள். அறுபது பக்கமே எழுதினால், பெரிய நோட்டில் எழுதிய பக்கம் ஒவ்வொன்றும் 83 காசுக்கு மேலாகிறது. 120 பக்க நோட்டில் 60 காசுதான். ஆகவே ஐந்து பாடங்களுக்குப் பெரிய நோட்டும், ஆறாவதற்கு 120 பக்க நோட்டும் வாங்குகிறார்கள். செலவு 286 ரூபாய். கட்டாக வாங்கியிருந்தால், ஐந்து பாடங்களுக்கு இரண்டிரண்டு நோட்டும் ஆறாவதற்கு ஒன்றும் தேவைப்பட, இரண்டு கட்டுக்கு 336 ரூபாய் ஆகியிருக்கும். கவராயம் கைக்கு வந்திராது.

சட்டமும் வாங்குவோர்க்குத் துணை நிற்கிறது. பொதிந்து விற்கும் பண்டங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் 2021-இல் திருத்தப்பட்டன. பொதியின் மொத்த விலையோடு, ஒரு கிராம், ஒரு மீட்டர், ஓர் எண்ணிக்கை என அலகின் விலையையும் அச்சிட வேண்டும் என்பது அத்திருத்தம். ஆயினும் நோட்டுகளின் கட்டில் நோட்டு ஒன்றின் விலையையே சட்டம் காட்டும். பக்கத்தின் விலையை நாமே காண வேண்டும். அங்ஙனம் காணும்போது தாள் வேறு, பக்கம் வேறு என்பதை மறத்தலாகாது. நூறு தாள் என்பது இருநூறு பக்கம். நீள அகலத்தையும் ஒப்பிட வேண்டும். சிறிய ஏட்டில் பக்கம் மிகுந்தாலும் எழுதும் இடம் குறைவு. கை துடைக்கும் மெல்லிய தாளாயின், தாள்களின் எண்ணிக்கையோடு அவை ஓரடுக்கா ஈரடுக்கா என்பதையும் நோக்க வேண்டும்.

காசு மட்டுமன்று, காகிதமும் காக்கப்பட வேண்டியதே. கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். உழவரின் உழைப்பும் நீரும் மின்சாரமும் சேர்ந்தே ஒரு வெள்ளைத் தாள் உருவாகிறது. அதனை எழுதாமலே எறிந்தால் எங்கே போகும்? பெருங்குடியார் அதை நன்கு அறிவர். சென்னையின் குப்பை பல்லாண்டுகளாக அவ்வூரை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டது. 2022-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதும் அதே சதுப்பு நிலந்தான்.

அன்றிரவு அம்மகள் பழைய நோட்டுகளை எடுத்தாள். எழுதாத தாள்களைப் பிரித்தாள். தாய் அவற்றை ஊசி நூலால் தைத்துக் கொடுத்தாள். புதிய கவராயத்தால் மகள் முதல் வட்டத்தை வரைந்து பழகியது அந்த ஏட்டில்தான். அதன் பக்கங்களுக்கு விலை ஒன்றும் இல்லை.