பெட்டியும் ஈரமும்

விருத்தாசலத்தின் பெயரைக் கேட்டதும் வெளியூரார்க்குப் பழமலைநாதர் கோயிலோ ரயில் சந்திப்போ ஞாபகத்துக்கு வருவது வழக்கமாயினும், அவ்வூருக்கு மேற்கே மணிமுத்தாற்றை ஒட்டிக் கிடக்கும் நல்லூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது முதன்மையாகப் பீங்கான் சூளைகளின் ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டுவதற்காக அகற்றுகிற மேல்மண்ணில் வெண்களிமண்ணும் கிடைப்பதால், அம்மண்ணை அரைத்துப் பிசைந்து, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் சுட்டு, இன்சுலேட்டர்களையும் வெள்ளை ஃபியூஸ் கட்டைகளையும் செய்கிற தொழில் இங்கே வேரூன்றியது. வீட்டில் விளக்கு அணைந்தால் அந்தக் கட்டையை உருவி, கம்பி கருகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், புதுக் கம்பி கட்டுமுன் எந்த யந்திரம் அதைக் கருக்கியது என்று விசாரிப்பதும் இந்தப் பிரதேசத்து வீடுகளில் பெரியவர்களுக்குப் பழக்கமாக இருந்தன. விசாரியாமல் தடித்த கம்பியைக் கட்டிவிட்டால், அடுத்த தடவை கருகுவது சுவருக்குள் ஓடும் ஒயராக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த விசாரணை, இன்றைய மோட்டார் காரின் விஷயத்தில் மெல்ல மறைந்து வருகிறதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அம்பாசிடர் கார் ஓடிய காலத்தில் விளக்குக்குரிய ஸ்விட்சைத் தட்டினால், பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் அந்த ஸ்விட்சின் வழியாகவே சென்று விளக்கை எரித்தது; ஆகையால் ஒரு டெஸ்ட் லாம்பும், கொஞ்சம் பொறுமையும் உள்ள எலக்ட்ரீஷியன், ஒயர் போகிற வழியே தானும் போய்க் குற்றம் உள்ள இடத்தைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. இப்போதைய கார்களிலோ ஸ்விட்ச் என்பது மனுக் கொடுக்கிற ஜன்னல் மாத்திரமே; உத்தரவு பிறக்கிற ஆபீஸ், டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு மூலையில் மறைந்திருக்கிறது. பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்றும், சுருக்கமாக பி.சி.எம். என்றும், பட்டறைகளில் வெறுமனே 'பொட்டி' என்றும் சொல்லப்படுகிற இந்தப் பெட்டிதான் முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றை ஆட்டிவைக்கிறது. பல கார்களில், சாவிக்குள் பொதிந்த சிப்பை விசாரித்து இன்ஜின் கிளம்பலாமா கூடாதா என்று தீர்மானிப்பதும் இதுவே. காரிலுள்ள மற்றப் பெட்டிகளோடு இது செய்தி பரிமாறிக்கொள்வது, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே ஒயர்களின் வழியாக. கேன் என்று வழங்கும் அந்த முறையை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. வண்டி முழுவதும் ஓடவேண்டிய செம்பின் கனத்தைக் குறைத்ததும், திருடனுக்குக் காரைக் கிளப்புவதைக் கடினமாக்கியதும் இதனால் விளைந்த நன்மைகள்தாம்.

2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களில் கொட்டிய மழையை இப்பக்கத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். அந்த மழை ஓய்ந்த பிறகு, வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற எங்கள் கார் விசித்திரமான பல கோளாறுகளைக் காட்டத் தொடங்கியது. தொடாமலே வைப்பர் ஒரு வீச்சு வீசி நின்றது. நடுநிசியில் கதவுப் பூட்டுகள் தாமாகவே படபடத்தன. ராத்திரி நன்றாக இருந்த பாட்டரி விடிகிறபோது செத்துக் கிடந்தது. கடைசியில் ஒரு நாள், சாவியின் படம் போட்ட சிறு விளக்கு டாஷ்போர்டில் மினுக்கியதோடு சரி, இன்ஜின் கிளம்பவே மறுத்துவிட்டது.

வண்டியை ஒரு பெரிய பட்டறைக்கு இழுத்துச் சென்றார்கள். ஸ்கேனரைச் செருகிய சில நிமிஷங்களில், யு 0140 என்ற குறியீடு வந்திருப்பதாகவும், பி.சி.எம். போய்விட்டதாகவும், புதிதாக வரவழைத்து மாற்றவேண்டும் என்றும் சொல்லி, பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். ஏன் போயிற்று என்று கேட்டதற்கு, எலக்ட்ரானிக் சாமான் என்றால் அப்படித்தான் என்பதற்கு மேல் பதில் இல்லை. அந்தக் குறியீட்டின் பொருளோ மிகவும் பரிமிதமானது: பி.சி.எம்.மிடமிருந்து செய்தி வரவில்லை என்று மற்றப் பெட்டிகள் புகார் செய்திருக்கின்றன, அவ்வளவே. பெட்டி செத்திருந்தாலும் செய்தி வராது. அதற்கு மின்சாரம் வராவிட்டாலும் வராது. எர்த் விட்டுப்போயிருந்தாலும், இந்த நெல் விளையும் ஊர்களில் சாதாரணமாக நடப்பதுபோல் எலி ஒயரைக் கடித்திருந்தாலும் வராது.

ஆகவே வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, நல்லூரில் சிறு கொட்டகையில் தொழில் செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விட்டோம். மதிப்பீட்டுக் காகிதத்தை அவர் மரியாதையாகப் படித்து மடித்துக் கொடுத்துவிட்டு, "ஸ்கேனர் காட்டுறது காட்டட்டும் சார். பொட்டிக்குக் கரண்டு வருதா, எர்த்து இருக்கா, லைன் இருக்கான்னு மொதல்ல பாத்துடறேன். அதெல்லாம் சரியா இருந்தா அப்பறம் கழட்டலாம்" என்றார். பிறகு அவர் வேலை செய்ததை அருகில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு ஒரு பெரும் பாக்கியமாகவே இருந்தது.

சார்ஜ் ஏற்றி ஓய்வு கொடுத்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டிற்று; ஆகவே பாட்டரி குற்றவாளியல்ல. பெட்டிக்குரிய ஃபியூஸ்கள் எல்லாவற்றிலும் மின்சாரம் இருந்தது. எர்த் ஒயரை, சும்மா தொடர்ச்சி இருக்கிறதா என்று பாராமல், விளக்குகளைப் போட்டுப் பாரம் ஏற்றிய நிலையில் மீட்டர் வைத்து அளந்தார், 0.1 வோல்ட்கூட நஷ்டமில்லை. பிறகு பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனர் செருகுகிற பதினாறு கால் சாக்கெட்டில் ஆறாவது காலுக்கும் பதினான்காவது காலுக்கும் இடையே ஓம் கணக்கைப் பார்த்தார். கேன் லைனின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால், லைன் முழுமையாக இருந்தால் 60 காட்டவேண்டும். ஒரு பக்கம் அறுந்திருந்தால் 120 காட்டும். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருந்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். மீட்டர் 60-இல் நின்றது. அப்புறம் பாட்டரியை மறுபடி இணைத்து, நடுவில் அம்மீட்டரைக் கோத்து, கதவுகளைப் பூட்டி, பெட்டிகளெல்லாம் உறங்குவதற்கு வேண்டிய அவகாசம் கொடுத்துக் காத்திருந்தார். உறங்குகிற கார் ஐம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கலாகாது என்பது பொதுவான அளவு. எங்கள் கார் அதைப்போலப் பல மடங்கு குடித்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவியபோது, பி.சி.எம்.முக்குரியதை எடுத்த மாத்திரத்தில் முள் கீழே விழுந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகே, பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக்கின் பொருட்டுச் சில நிமிஷங்கள் பொறுத்து, டாஷ்போர்டின் அடியில் கையை விட்டார். பெட்டியைத் தேடிய கை முதலில் தொட்டது ஈரத்தை. தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. கனெக்டரின் கால்களில் பச்சைக் களிம்பு. மூடியைத் திறந்தால், பலகையின் ஒரு மூலையில் செம்புக் கோடுகளே அரிக்கப்பட்டுப் போயிருந்தன. மின்னழுத்தம் உள்ள இரண்டு செம்புக் கோடுகளுக்கு இடையே ஈரம் தங்கினால், உலோகம் கரைந்து உப்பாகப் படிந்து, அந்த உப்பின் வழியாகவே மின்சாரம் கசிகிறது. அணைந்திருக்கவேண்டிய டிரான்சிஸ்டர் அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. வைப்பர் வீசியதற்கும் பூட்டு படபடத்ததற்கும் பாட்டரி வடிந்ததற்கும் அர்த்தம் அந்தப் பச்சை மூலையில் இருந்தது. அதே பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த எள்ளளவான கெபாசிட்டர்களைக் காட்டி, "இதுவும் பீங்கான்தான் சார், நம்ம ஊரு சங்கதி" என்றார் அவர். விருத்தாசலத்துச் சூளையில் வேலை பார்த்த தகப்பனாருக்குப் பிள்ளை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீர் வந்த வழியையும் அவர் விடவில்லை. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் கைகள் நிற்கும் பிளாஸ்டிக் ஜாலியைக் கழற்றியபோது, மழைநீர் வடிந்து வெளியேறவேண்டிய துவாரத்தை வேப்பஞ்சருகு கெட்டியாக அடைத்திருந்தது. வெளியே போக வழியற்ற நீர், ஒயர்க் கட்டு உள்ளே நுழைகிற ரப்பர் வளையத்தின் ஓரமாகக் கசிந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் பெட்டியின் தலையில் சொட்டியிருக்கிறது.

பி.சி.எம். போய்விட்டது என்று முதல் பட்டறை சொன்னது வாஸ்தவமே. ஆயினும் அவர்கள் சொற்படி பெட்டியை மாத்திரம் மாற்றியிருந்தால், சருகு அங்கேயே இருந்திருக்கும். அடுத்த ஐப்பசியில் புதுப் பெட்டியின் தலையிலும் அதே நீர் சொட்டியிருக்கும். செத்த பாகத்தின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டதனாலேயே ஒரு கோளாறு நிர்ணயம் பரிபூரணமாகிவிடுகிறது என்று நான் இனி ஒப்பமாட்டேன்.

மாற்றுகிற வேலை இன்னொரு கதை. பெட்டியைப் பொருத்துவதற்கு இரண்டு போல்ட்டும் சில கனெக்டர்களும்தான். ஆனால் புதுப் பெட்டிக்குத் தான் எந்தக் காரில் இருக்கிறோம் என்பது தெரியாது. காரின் அடையாள எண்ணை அதில் எழுதவேண்டும். இருக்கிற சாவிகளை எல்லாம் கொண்டுவந்து பழக்கவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்தால் பெட்டியே பாழாகிவிடக்கூடுமாதலால், சார்ஜரைப் பூட்டி பாட்டரியைத் தாங்கிப்பிடிக்கவேண்டும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் பெட்டி, வேறொரு காரின் ரகசியத்தைச் சுமந்திருப்பதால், அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. இதற்குரிய மென்பொருளும் அனுமதியும் கார்க் கம்பெனியின் வசம் இருப்பதால், காரணத்தைக் கண்டுபிடித்த நல்லூர் மனிதர், கடைசிச் சடங்குக்கு மட்டும் வண்டியை வெளியூருக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அவருடைய முகத்தில் அப்போது தெரிந்த வருத்தம் எனக்கு நியாயமாகவே பட்டது.

இந்த அநியாயம் சர்க்காரின் கண்ணுக்குத் தெரியாததும் அன்று. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அவற்றைத் திறந்துவிடுமாறு ஆணையிட்டது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, மோட்டார் வாகனங்களையும் அதன் வரம்புக்குள் சேர்த்தது. திருட்டைத் தடுக்கும் ரகசியத்தைக் காப்பது அவசியந்தான். ஆனால் யோக்கியதை உள்ள தொழிலாளியின் அடையாளத்தைப் பதிவு செய்துகொண்டு, அவருக்கு அந்த ரகசியத்தை அளவோடு ஒப்படைக்க வழி செய்வது அசாத்தியமான காரியம் அன்று. கிராமத்துக் கொட்டகையில் மீட்டரும் அறிவும் இருக்கின்றன. அனுமதி ஒன்றுதான் இல்லை.

கார் வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது: ஐப்பசி பிறப்பதற்குள் முன்கண்ணாடியின் அடியிலுள்ள ஜாலியைத் திறந்து சருகை அள்ளிவிடுங்கள், பெட்டியை மாற்றவேண்டும் என்று எந்தப் பட்டறை சொன்னாலும், மின்சாரத்தையும் எர்த்தையும் லைனையும் அளந்த கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும்படி கேளுங்கள், கழற்றிய பழைய பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.