இரண்டு கோப்பு, ஒரு சாவி

எங்கள் வீட்டில் பல வருடங்களாகக் கடவுச்சொற்கள் ஒரு 555 நோட்டில்தான் இருந்தன. அப்பாவின் இபிஎஃப், மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வருமான வரி என்று பக்கம் பக்கமாக. ஒன்றை மாற்றினால் பழையதை அடித்துவிட்டு ஓரத்தில் புதியதை எழுதுவார் அம்மா. பிள்ளைகள் ஆளுக்கோர் ஊருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த நோட்டு போதவில்லை.

அதனால் கீபாஸ் கோப்புக்கு மாறினோம். கீபாஸ், 2003-ல் டொமினிக் ரைக்ல் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட இலவச மென்பொருள். எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே கோப்பில் பூட்டி வைக்கும். திறக்க ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல். அந்தக் கோப்பைக் கிளவுட்டில் வைத்தால் எல்லார் மடிக்கணினியிலும் இருக்கும். வங்கிக் கணக்குகளை மட்டும் அவரவர் தனியாக வைத்துக்கொண்டோம்.

லங்காவியில் வேலை செய்யும் தம்பி, விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் அப்பாவின் இபிஎஃப் கடவுச்சொல்லை மாற்றிக் கோப்பில் சேமித்தான். உடனே மடிக்கணினியை மூடிவிட்டு, கோலா கெடா படகுத்துறைக்கு ஓடினான். கோப்பு கிளவுட்டுக்கு ஏறவில்லை. அன்று மாலை வீட்டில் தங்கை, மின்கட்டணக் கணக்கின் புதிய கடவுச்சொல்லை அதே கோப்பில் சேர்த்தாள். இரவு அப்பா இபிஎஃப் பணத்தைப் பார்க்க முயன்றபோது, கடவுச்சொல் தவறு என்று வந்தது. முப்பது வருட உழைப்பின் சேமிப்பு. அப்பா அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் தம்பி அழைத்தான். “அக்கா, கிளவுட்ல ரெண்டு ஃபைல் இருக்கு. ஒன்னு பழசு போல, அழிச்சிடவா?”

“ரெண்டையும் தொடாதே” என்றேன்.

இரண்டில் எதுவுமே பழையது இல்லை. ஒன்றில் இபிஎஃப் புதியது, இன்னொன்றில் மின்கட்டணம் புதியது. எதை அழித்தாலும் ஒன்று போய்விடும்.

கூகுள் டாக்ஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். அந்தச் சேவையால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். பூட்டிய கோப்பைக் கிளவுட்டால் படிக்க முடியாது. எந்த வரி மாறியது என்று அதற்குத் தெரியாது. அதனால் டிராப்பாக்ஸ் போன்றவை இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் ‘கான்ஃபிளிக்டட் காப்பி’ என்று சேர்த்துவிடும். இது தொல்லைதான். ஆனால் அந்தப் பூட்டுதான் நமக்குக் காவல். 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பெட்டக நகல்கள் திருடு போனபோது, உள்ளே இருந்த கடவுச்சொற்களைக் காத்தது பலமான முதன்மைக் கடவுச்சொல்தான்.

தீர்வு சுலபம். முதலில் இரண்டு கோப்புகளையும் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். பிறகு ஒன்றைத் திறந்து மற்றதை அதனுடன் இணையுங்கள். கீபாஸில் அது ‘சிங்க்ரனைஸ்’, கீபாஸ்எக்ஸ்சியில் ‘மெர்ஜ்’. ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும், கடைசியாக மாற்றிய நேரமும் உண்டு. அதை வைத்து மென்பொருள் புதியதை எடுத்துக்கொள்ளும். பழையது அந்தப் பதிவின் வரலாற்றில் தங்கும். தம்பி பத்தே நிமிடத்தில் முடித்தான். அப்பாவின் கணக்கும் திறந்தது.

கிளவுட் இருக்கிறதே என்று தனி நகல் எடுக்காமல் இருக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் பழைய பதிப்பை மீட்க 30 நாள்தான் அவகாசம். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை தங்கை பென்டிரைவில் ஒரு நகல் எடுக்கிறாள். சேமித்ததும் கிளவுட்டின் பச்சை அடையாளம் வரும்வரை யாரும் மடிக்கணினியை மூடுவதில்லை.

முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது. அதை அம்மா ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுக் கிராண்டுடன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுப் பாருங்கள்.