பாதியில் நின்ற பணம்

தொடர்கதை பாதியில் நின்றுவிட்டால் வாசகர்கள் லேசில் விடமாட்டார்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஓர் ஆராய்ச்சி பாதியில் நின்றால் யார் கோபித்துக்கொள்வது? பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளும் ஆப்பிரிக்க சர்வகலாசாலைகளும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் படித்தபோது இந்தக் கேள்விதான் என் மனத்தில் நின்றது.

ஆராய்ச்சி என்றால் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு காலத்தில் காச நோயாளிக்கு ஒன்றரை வருஷம் வரை மருந்து கொடுப்பார்கள். நடுவில் விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். 1970-ஐ ஒட்டி பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், கென்யா, உகாண்டா, டான்சானியா, ஜாம்பியா நாட்டு வைத்தியர்களும் கூடி ஒரு பரிசோதனை செய்தார்கள். ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளைச் சேர்த்து ஆறே மாதம் கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு, நோய் திரும்புகிறதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆறு மாதம் போதும் என்பதை 1972-இல் வெளியான முடிவு காட்டியது. இன்று நம் ஊர் நோயாளி ஆறு மாதத்தில் மாத்திரையை முடிக்கிறார் என்றால், முகம் தெரியாத அந்த ஆப்பிரிக்க நோயாளிகளின் பொறுமையும் அதில் இருக்கிறது.

காத்திருந்த அந்த மாதங்களில் பணம் நின்றுபோயிருந்தால்?

பிற்காலத்தில் அப்படியும் நடந்தது. ஏழை நாடுகளின் பிரச்னைகளை ஆராய ஐந்து வருஷத்துக்கு 150 கோடி பவுன் என்று 2015-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு நிதியை அறிவித்தது. அதை நம்பி ஆப்பிரிக்காவிலும் ஆட்களை நியமித்து வேலையைத் தொடங்கினார்கள். கொரோனாவினால் வந்த நெருக்கடியைக் காட்டி, 2021-இல் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவிகிதத்திலிருந்து 0.5 சதவிகிதமாகக் குறைத்தார்கள். வாக்குக் கொடுத்திருந்த ஆராய்ச்சி மானியங்களிலேயே 12 கோடி பவுன் துண்டு விழுந்தது. நடந்துகொண்டிருந்த வேலைகள் சுருங்கின. சில நின்றே போயின.

லண்டன் பேராசிரியருக்கு மறுமாதமும் சம்பளம் உண்டு. மானியத்தை நம்பி வேலைக்கு வந்த நைரோபி உதவியாளருக்கு?

2023-இல் நமீபியாவின் விண்ட்ஹோக் நகரில் ஆப்பிரிக்கக் கல்வியாளர்கள் ஒரு சாசனம் வெளியிட்டார்கள். எதை ஆராய்வது என்று தீர்மானிப்பதிலிருந்து எல்லாவற்றிலும் ஆப்பிரிக்காவுக்குச் சமமான இடம் வேண்டும் என்பது அதன் சாரம். நியாயம்தானே? தருமம் செய்கிறவர் நினைத்தால் நாளைக்கே கையை மூடிக்கொள்ளலாம். பங்காளி அப்படிச் செய்ய முடியாது. விலகுவதானாலும் உட்கார்ந்து கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.