கட்டுத்துணி தேடியவன்

போரைத் திரையில் காட்டுவோருக்கு என்றுமே நீங்காத சங்கடம் ஒன்று உண்டு. போர் கொடியது என்று சொல்வதற்காகவே அவர்கள் படமெடுக்கிறார்கள். ஆயினும் இருளைக் கிழித்துப் பாயும் குண்டும், விமானத்தினின்று குதிக்கும் இளைஞர் கூட்டமும், வெற்றிக்குப் பின் எழும் ஆரவாரமும் காண்போர் நெஞ்சைக் கிளர்ச்சியுறச் செய்துவிடுகின்றன. கொடுமையைக் காணச் சென்றவர் வீரத்தைக் கண்டு திரும்புகிறார். இச்சங்கடத்தை முழுமையாக வென்ற படைப்பு எதையும் நாம் அறியோம். அதனோடு நேர்மையாக மல்லுக்கு நின்ற படைப்புகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை, நீண்ட இடைவெளிக்குப் பின், சென்ற திருவருகைக் காலத்தில் மீண்டும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்பது அத்தொடரின் பெயர். 'உடன்பிறப்புகளின் குழு' என்று தமிழில் சொல்லலாம். பத்துப் பகுதிகள் கொண்ட இத்தொடரை அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2001 செப்டம்பர் 9ஆம் நாள் ஒளிபரப்பத் தொடங்கியது. இரண்டு நாள்களுக்குப் பின் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் டாம் ஹாங்க்சும் தயாரிப்பில் முன்னின்றனர். ஸ்டீபன் ஆம்புரோஸ் என்னும் வரலாற்றாசிரியர் 1992இல் வெளியிட்ட நூலே இதற்கு மூலம். தலைப்பு ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலிருந்து வந்தது. புனித கிறிஸ்பின் திருநாளில், போருக்கு முன் அரசன் தன் வீரர்க்கு ஆற்றும் உரையில் அத்தொடர் வருகிறது. கிறிஸ்பின் செருப்புத் தைப்போரின் பாதுகாவலர் என்பதை நம் வாசகர்கள் அறிவர். காலணி தைத்துப் பிழைத்த ஒரு மறைச்சாட்சியின் பெயர் போர் முழக்கத்தோடு இணைந்துபோனது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று!

கதை எளிது. அமெரிக்க வான்குடைப் படையின் 506ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 'ஈசி கம்பெனி' என்னும் பிரிவினர் 1942இல் ஜார்ஜியா மாநிலத்தில் பயிற்சி பெறுகிறார்கள். 1944 ஜூன் 6 அதிகாலையில் பிரான்சின் நார்மண்டியில் குதிக்கிறார்கள். பிறகு ஹாலந்து, பெல்ஜியம், ஜெர்மனி என்று நடந்து, ஆஸ்திரியாவில் போரின் முடிவைக் காண்கிறார்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முதியவர் சிலர் தோன்றிப் பேசுகின்றனர். சிலர் பேச்சு நடுவிலேயே நின்றுவிடுகிறது. அவர்கள் உண்மையான வீரர்கள். எனினும் அவர்தம் பெயர்களைக் கடைசிப் பகுதியின் இறுதிவரை தொடர் வெளியிடுவதில்லை. யார் பிழைத்தவர், யார் மாண்டவர் என்று நாம் முன்கூட்டி அறியாதிருக்கவே இந்த ஏற்பாடு. இது வெறும் கதை உத்தியாக நமக்குத் தோன்றவில்லை. தன் மகனைப் படைக்கு அனுப்பிய தாய் அனுபவிப்பது இந்த அறியாமையைத்தானே!

அப்படியொரு தாய் இம்முறை நம் அருகில் அமர்ந்திருந்தார். நம் தங்கையின் இளைய மகன் நம் நாட்டுப் படையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பனி உறைந்த மலைப்பகுதி ஒன்றில் அவனுக்குப் பணி. ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேசுவான். பேசாத ஞாயிறும் உண்டு. போர்ப்படம் என்றால் எழுந்து போய்விடும் தங்கை, இத்தொடரின் ஆறாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது செபமாலையும் கையுமாக வந்து உட்கார்ந்தார். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதுவே அவரை இருத்தியிருக்க வேண்டும்.

அந்த ஆறாம் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1944 டிசம்பர் 16இல் ஜெர்மானியர் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளின் வழியே எதிர்பாராத பெருந்தாக்குதலைத் தொடுத்தனர். அதைத் தடுக்க 101ஆம் வான்குடைப் பிரிவு பாஸ்டோன் என்னும் சிற்றூருக்கு லாரிகளில் விரைந்து அனுப்பப்பட்டது. குளிருக்கான உடை இல்லை, போதிய தோட்டா இல்லை, மருந்தும் இல்லை. ஊர் முற்றுகையிடப்பட்டது. டிசம்பர் 26 வரை அந்த முற்றுகை நீடித்தது. இந்நிகழ்ச்சியைத் தொடர் எந்தத் தளபதியின் கண்வழியாகவும் காட்டவில்லை. யூஜின் ரோ என்னும் மருத்துவ உதவியாளன் ஒருவனின் பின்னே நம்மை நடக்கவிடுகிறது. லூசியானா மாநிலத்தின் பிரெஞ்சு வழிவந்த மக்களிடையே பிறந்த, அதிகம் பேசாத இளைஞன் அவன். துப்பாக்கி தூக்காத அவன் குழிக்குக் குழி போய்க் கையேந்துகிறான். 'உன்னிடம் உள்ள மார்ஃபின் ஊசியைக் கொடு, கட்டுத்துணி இருந்தால் கொடு, கத்திரிக்கோல் இருக்கிறதா?' இதுவே அவன் போர். அரைமணிக்கும் மேலாக ஒரு போர்ப்படம் கத்திரிக்கோல் ஒன்றைத் தேடி அலைவதை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

தங்கை இடையில் ஒருமுறை அடுக்களைக்குப் போய் வந்தார். வந்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, அந்தப் பிள்ளைக்குக் கத்திரிக்கோல் கெடச்சுதா?"

எந்த நாடு வென்றது, எத்தனை பேர் மாண்டனர் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. தொடரின் ஆசிரியர்கள் வேண்டியதும் இத்தகைய கேள்வியையே என்று நினைக்கிறோம்.

ரோ காயம்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போகிறான். கோவில் ஒன்று மருத்துவ நிலையமாக மாறியிருக்கிறது. ரெனே என்னும் பெல்ஜியச் செவிலி அங்கே பணி செய்கிறாள். இருவரும் ஒரு சாக்லேட்டைப் பகிர்ந்து உண்கிறார்கள். தன் பாட்டி கைவைத்து வேண்டி நோய் தீர்ப்பவர் என்று ரோ சொல்கிறான். உன் கைகளுக்கும் அந்த வரம் உண்டு என்று அவன் சொல்லும்போது ரெனே மறுக்கிறாள். இத்தனை வேதனை தருவதைக் கடவுள் வரமாகக் கொடுக்கமாட்டார் என்பது அவள் எண்ணம். பனிக்குழியில் தனித்திருக்கும் ரோ, புனித அசிசி பிரான்சிசின் பெயரால் வழங்கும் அமைதிச் செபத்தை மெல்ல முணுமுணுக்கிறான். பிறப்பு விழாவின் முன்னிரவில், எதிரிகள் பதுங்கியிருக்கும் திசையிலிருந்து 'சைலன்ட் நைட்' பாடல் ஜெர்மன் மொழியில் மிதந்து வருகிறது. 1818இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் என்னும் சிற்றூர்க் கோவிலில் முதன்முதலாக ஒலித்த பாடல் அது. இயற்றியவர் ஜோசப் மோர் என்னும் குருவானவர். இப்பிரிவினர் போரின் முடிவைக் கண்ட ஏரிக்கரை ஊர் அதே சால்ஸ்பர்க் மாநிலத்தில்தான் உள்ளது. தொடர் இதைச் சொல்லவில்லை. நாமே வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம்.

அன்றிரவு பாஸ்டோன் மீது குண்டுகள் வீழ்கின்றன. ரோ போய்ப் பார்க்கும்போது கோவில் கற்குவியலாகிக் கிடக்கிறது. ரெனேயின் நீலநிறத் தலைத்துணி மட்டும் இடிபாடுகளிடையே தெரிகிறது. காட்டுக்குத் திரும்பியவன், தோழன் ஒருவனின் கைக்காயத்தைக் கட்டத் துணியின்றி, அந்தத் தலைத்துணியையே கிழித்துக் கட்டுகிறான்.

ரெனே லமேர் உண்மையில் வாழ்ந்தவர். பிரசெல்ஸ் மருத்துவமனையில் பணியாற்றியவர், விழாவுக்காகப் பெற்றோர் இல்லம் வந்தபோது முற்றுகையில் சிக்கினார். 1944 டிசம்பர் 24இல், ஏறத்தாழ முப்பது காயமுற்ற வீரர்களோடு அவரும் மாண்டார். அவர் பணியாற்றிய நிலையம் கோவிலன்று. ஊரில் இருந்த கட்டடம் ஒன்று. ரோவுக்கும் அவருக்கும் இடையே நிகழ்வதாகக் காட்டப்படும் உரையாடல்கள் கற்பனை. இவற்றை நாம் குறையாகக் கொள்ளவில்லை. நாடகத்துக்கு அவ்வுரிமை உண்டு.

நம்மை உறுத்துவது வேறு. ரெனேயின் பின்னால் கறுப்பினச் செவிலி ஒருவர் சில நொடிகள் தோன்றி மறைகிறார். தொடரில் அவர் பெயர் அன்னா. அவரும் உண்மையானவரே. ஆகஸ்டா சிவி என்பது அவர் பெயர். ஆப்பிரிக்கத் தாய்க்கும் பெல்ஜியத் தந்தைக்கும் பிறந்த அவரும் விழாவுக்காகவே பாஸ்டோனுக்கு வந்திருந்தார். ரெனேயை மாய்த்த அதே குண்டுவீச்சில் சுவரை உடைத்துக்கொண்டு தூக்கியெறியப்பட்டுப் பிழைத்தார். எழுந்து மீண்டும் காயங்களைக் கட்டினார். போருக்குப் பின் அதைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசவில்லை, எவரும் கேட்கவுமில்லை. தொடர் வெளியானபோது அவர் பெல்ஜியத்தில் உயிரோடு இருந்தார். பெல்ஜிய அரசு அவருக்குச் சிறப்புச் செய்தது 2011இல். 2015இல், 94ஆம் அகவையில், பிரசெல்சில் இறந்தார். மாண்டவருக்குக் காவியம் கிடைத்தது. பிழைத்து உழைத்தவருக்குச் சில நொடிகள் கிடைத்தன.

ஆல்பர்ட் பிளைத் என்னும் வீரனுக்கு நேர்ந்தது இதனினும் மோசம். கரந்தான் நகர்ப் போரில் அச்சத்தால் கண்பார்வை இழந்து மீளும் இளைஞனாகத் தொடர் அவனைக் காட்டுகிறது. காயத்தினின்று மீளாமல் 1948இல் இறந்தான் என்று எழுத்துகள் திரையில் தோன்றுகின்றன. உண்மையில் அவர் தேறி எழுந்து, படையில் தொடர்ந்து பணியாற்றி, 1967இல்தான் இறந்தார். மணவாழ்வும் பணியும் நிறைந்த பத்தொன்பது ஆண்டுகளை ஒரு வரி எழுத்து அழித்துவிட்டது. தோழர்களின் நினைவை நம்பி நூலாசிரியர் எழுதினார், நூலை நம்பித் தொடர் எழுதியது. குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா?

அதே கரந்தான் தெருவில்தான் ஜான் மலோனி என்னும் படைக்குருவைக் காண்கிறோம். சுடுகுண்டுகளுக்கிடையே, வீழ்ந்து கிடப்போரிடம் குனிந்து இறுதி ஆசீர் வழங்கிச் செல்கிறார். சில நொடிக் காட்சியே. அதற்கு மேல் அவரைப் பற்றித் தொடர் எதுவும் சொல்வதில்லை.

ஏழாம் பகுதியின் இறுதியில் கன்னியர் மடம் ஒன்றில் வீரர்கள் ஓர் இரவைக் கழிக்கிறார்கள். சிறுமியர் பாடகர் குழு பாடுகிறது. வாரக்கணக்கில் கூரையைக் காணாதவர்கள் கோவில் இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கணக்கெடுக்கும் பொறுப்பு கார்வுட் லிப்டன் என்னும் சார்ஜெண்டுக்கு. பெல்ஜியத்துக்குள் நுழையும்போது 121 பேர், புதிதாய்ச் சேர்ந்தோர் 24 பேர், ஆக 145. எஞ்சியவர் 63. அவன் பார்வை இருக்கைகளின் மேல் செல்லச் செல்ல, அமர்ந்திருந்தோர் ஒவ்வொருவராகக் காற்றில் கரைந்து மறைகிறார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை. தங்கை செபமாலையை மடியில் வைத்துவிட்டார். நாமும் ஒன்றும் பேசவில்லை.

ஒன்பதாம் பகுதி லாண்ட்ஸ்பெர்க் நகரருகே நாசிகள் நடத்திய வதைமுகாமைக் காட்டுகிறது. தாஹௌ முகாமின் கிளையான கௌஃபரிங் முகாம்களுள் ஒன்று அது. 1945 ஏப்ரல் இறுதியில் முதலில் அங்கே சென்றது வேறொரு கவசப் பிரிவு. தொடர் அப்பெருமையை ஈசி கம்பெனிக்கு அளிக்கிறது. போகட்டும். எலும்பும் தோலுமாய் நிற்பவர்களுக்கு வீரர்கள் ஊரிலிருந்து ரொட்டி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அப்போது மருத்துவர் வந்து தடுக்கிறார். பட்டினியால் சுருங்கிய உடல் திடீர் உணவைத் தாங்காது, உண்டே இறந்துவிடுவார்கள், ஆகவே மீண்டும் முகாமுக்குள் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறார். விடுதலை பெற்றவர்களிடம், 'உள்ளே திரும்பிச் செல்லுங்கள்' என்று ஜெர்மன் மொழியில் அறிவிக்கும் பொறுப்பு ஜோசப் லீப்காட் என்னும் வீரனுக்கு வாய்க்கிறது. சொல்லிவிட்டு அவன் உடைந்து அழுகிறான். தொடர் அவனை யூதனாகக் காட்டுகிறது. உண்மை லீப்காட் கத்தோலிக்கராக வளர்ந்தவர் என்று பின்னாளில் குடும்பத்தார் தெரிவித்தனர். அந்த அழுகைக்கு யூதனாயிருத்தல் ஒரு நிபந்தனை என்று நமக்குத் தோன்றவில்லை.

பீரங்கிகள் முழங்கும் இரண்டாம், நான்காம் பகுதிகளை இம்முறை நாம் விரைவாகவே கடந்தோம். அவை திறம்பட எடுக்கப்பட்டவை. அந்தக் கிளர்ச்சி அவற்றில் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் படைத்தலைவர் ரிச்சர்ட் விண்டர்ஸ், நார்மண்டியின் முதல்நாள் இரவில் நன்றி செலுத்திவிட்டு, உயிர் பிழைத்தால் அமைதியான துண்டு நிலம் ஒன்றைத் தேடி அங்கே வாழ்வேன் என்று உறுதி பூணும் இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவ்வாறே பென்சில்வேனியாவில் நிலம் வாங்கி வாழ்ந்து, 2011 ஜனவரியில் அவர் இறந்தார். அப்பிரிவின் கடைசி மனிதரான பிராட்ஃபோர்ட் ஃப்ரீமன் 2022 ஜூலையில் மறைந்தார்.

இறுதிப் பகுதியில், ஆஸ்திரிய வெயிலில் வீரர்கள் பேஸ்பால் விளையாடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவரும் பின்னாளில் என்ன ஆனார் என்று விண்டர்சின் குரல் சொல்லிக்கொண்டே போகிறது. ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் டாக்சி ஓட்டினார். ஒருவர் சிகாகோவில் தபால் துறையில் வேலை செய்தார். ஒருவர் அரசு வழக்குரைஞரானார். தங்கை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டுப்போடுற பிள்ளை என்ன ஆனான் அண்ணே?"

லூசியானாவுக்குத் திரும்பிக் கட்டட ஒப்பந்த வேலை பார்த்தார், 1998 வரை இருந்தார் என்றோம்.

"வீடு கட்டிக் கொடுத்தானாக்கும்" என்றார் தங்கை. பிறகு மணியைப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசி இன்னும் ஒலிக்கவில்லை.