பத்து ரி தொலைவு

வெளிநாட்டில் குடியிருப்பவர் பக்கத்து ஊருக்குக் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பும் பயணத்துக்குக் கால்வலியும் கடைசி ரயிலுமே பெரும்பாலும் எல்லை வகுக்கின்றன என்றாலும், 1859இல் திறக்கப்பட்ட ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் குடியேறிய மேலைநாட்டு வணிகருக்கு அந்த எல்லையை உடன்படிக்கையே அளந்து கொடுத்திருந்தது. 1858இல் அமெரிக்காவோடு கையெழுத்தான உடன்படிக்கைப்படி, அவர்கள் பத்து 'ரி' வரை, அதாவது ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வரை உலவலாம். ஆட்சித் தளபதியான ஷோகுனின் தலைநகர் 'எடோ' இருந்த திசையில் மட்டும் ரொக்குகோ ஆற்றோடு நின்றுவிட வேண்டும். பெருங்கடல்களைக் கடந்து வந்தவர்களை ஓர் ஆற்றங்கரையில் நிறுத்திவைத்த இந்த ஏற்பாட்டில் சற்றே குறும்பும் கலந்திருக்கிறது.

எல்லைக்குள் இருந்தவர்க்கெல்லாம் பாதுகாப்பு இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1862 செப்டம்பரில் கவாசாகி கோவிலைப் பார்க்கக் குதிரையில் புறப்பட்ட ஆங்கிலேயர் நால்வர், நமமுகி என்னும் சிற்றூரில் சத்சுமா பிரபுவின் தந்தை ஷிமாசு ஹிசமித்சுவின் பரிவாரத்தை எதிர்கொண்டு, வழக்கப்படி இறங்கி ஒதுங்காமல் போகவே, ரிச்சர்ட்சன் என்ற வணிகர் வெட்டுண்டு இறந்தார். இதற்குப் பதிலடியாக, மறு ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் கடற்படை சத்சுமாவின் ககோஷிமா நகரின்மேல் குண்டு வீசியது.

பத்து ரிக்கு அப்பால் போக, பின்னாளில் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. 1878இல் அந்நாட்டில் பயணம் செய்த இசபெல்லா பேர்ட் தம் நூலில் அச்சீட்டின் நிபந்தனைகளை விவரிக்கிறார்: உடல்நலம், தாவர ஆராய்ச்சி, அறிவியல் ஆய்வு ஆகிய காரணங்களுக்காகவே அதைக் கோரலாம் என்பதால், பட்டு வணிகர் பலருக்குத் திடீரென்று செடிகொடிகளின்மேல் பற்றுப் பிறந்திருக்கக்கூடும். அதைவிடச் சுவையானவை சீட்டில் கண்ட தடைகள். காட்டில் தீ மூட்டக்கூடாது, எரியும் இடத்தை வேடிக்கை பார்க்கக் குதிரையேறிப் போகக்கூடாது, வயல்களில் அத்துமீறி நுழையக்கூடாது, கோவில்களிலும் சுவர்களிலும் கிறுக்கக்கூடாது, குறுகிய சாலையில் வண்டியை விரைந்து ஓட்டக்கூடாது என்று அது நீள்கிறது. யாரும் செய்யாத ஒன்றை எந்த அதிகாரியும் மெனக்கெட்டுத் தடைசெய்வதில்லை ஆதலால், ஒவ்வொரு தடைக்குப் பின்னும் யாரோ ஒருவரின் குதூகலமான விடுமுறை நாள் ஒளிந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. குறிப்பாக, ஊரார் வீடு எரிவதைக் காணக் குதிரையேறிய அந்தப் பெருந்தகை யார் என்று அறியத் தோன்றுகிறது.

சீட்டே தேவைப்படாத தொலைவில் இருந்தது காமாகுரா. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டு, பீடம் நீங்கலாகவே பதினோரு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அமிதாப புத்தர் சிலையின் மடியில் ஏறி, தியான முத்திரையில் கூடிய கட்டைவிரல்களின் பக்கத்தில் அமர்ந்து படமெடுத்துக்கொள்வது யோகோஹாமாவாசிகளின் வாடிக்கையாயிற்று. புத்தர் கண்ணைத் திறக்கவில்லை.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் நீதிமன்றத்தில் இருந்தது. அயலவர் குற்றம் செய்தாலும் அவரவர் நாட்டுத் துணைத்தூதரே விசாரிப்பார் என்ற சலுகை உடன்படிக்கையிலேயே இருந்ததால், தன் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர்களைத் தன் கிராமங்களில் உலவவிட ஜப்பான் மறுத்தது. 1899இல் திருத்திய உடன்படிக்கைகள் நடைமுறைக்கு வந்து அச்சலுகை ஒழிந்தபோதுதான் பத்து ரிக் கட்டும் ஒழிந்தது. யோகோஹாமா வணிகர்களில் பலர் இந்தப் பேரத்தை விரும்பவில்லை; நாடு முழுவதும் சுற்றும் உரிமையைவிட, உள்ளூர் நீதிபதியின் முன் நிற்கத் தேவையில்லாத பத்து ரியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.