தொலைவில் இருப்பவருக்கான சந்தா

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், தொலைக்காட்சியில் எவ்வளவு வரலாம் என்பதை 1984 வரை என்சிஏஏ என்னும் கல்லூரி விளையாட்டுச் சங்கமே வரையறுத்தது. அவ்வாண்டு உச்ச நீதிமன்றம் அக்கட்டுப்பாட்டை நீக்கியதால் ஒளிபரப்பு பெருகி, உள்ளூரில் காட்டப்படாத பிற பகுதி ஆட்டங்களைப் பருவம் முழுவதற்கும் ஒரே கட்டணத்தில் தரும் தொகுப்புகள் பின்னர் தோன்றின.

ஓர் அணி வழக்கமான பருவத்தில் ஆடுவது 12 ஆட்டங்களே. அவற்றுள் பெரியவற்றை ஏபிசி, சிபிஎஸ் போன்ற பொது அலைவரிசைகளே காட்டிவிடுகின்றன. எஞ்சியவற்றிலும், உள்ளூர் நிலையம் உரிமை பெற்ற ஆட்டத்தைத் தொகுப்பில் மறைக்கும் ‘பிளாக்அவுட்’ விதி குறுக்கே நிற்கக்கூடும். ஆதலால் ஒஹையோவில் குடியிருந்து ஒஹையோ ஸ்டேட் அணியை மட்டும் பார்ப்பவருக்கு இத்தகைய தொகுப்பு வீண்செலவே. ஒரிகானில் படித்து ஃபுளோரிடாவில் வேலை பார்ப்பவரின் நிலை வேறு; மூன்று மணி நேர வேறுபாட்டால் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து தம் கல்லூரியின் பச்சை மஞ்சள் உடையைத் திரையில் தேடும் அவருடைய ஏக்கத்தைப் பணத்தால் மட்டும் அளப்பது முறையன்று.

பல ஆட்டங்களின் அலைவரிசை 12 அல்லது 6 நாள்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படுவதால், சந்தா கட்டுமுன் சென்ற பருவத்தின் பட்டியலை எடுத்து, தம் அணி எங்கெங்கே காட்டப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்ப்பதே தக்கது.