ஆசான் இல்லா அவை: சி.கே. பிரகலாத் கையறுநிலை

கல்வராயன் மலையே! மலை தந்த கோமுகி ஆறே! களமருதூரில் நெல்லும் கரும்பும் விளையும் வயல்களே! பாரியை இழந்த கபிலர் உயிர் துறந்தது பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் என்பது இம்மண்ணின் வழக்கு. புரவலனை இழந்து புலவன் புலம்பிய நாட்டில், ஆசானை இழந்தோர் புலம்புவதும் தகும்.

கோயம்புத்தூரில் 1941இல் பிறந்து, சென்னை லயோலாவில் இயற்பியல் கற்று, யூனியன் கார்பைடின் பேட்டரித் தொழிற்சாலையில் நான்காண்டு தொழிலாளரோடு நின்றவனே! ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் அணியில் பயின்றவனே! ஹார்வர்டில் 1975இல் முனைவனாகி, மிச்சிகனில் மேலாண்மை உரைத்தவனே! 2010 ஏப்ரல் 16 அன்று, 68 வயதில், சான் டியாகோவில் நீ கண்மூடினாய். உன்னிடம் கேட்க வைத்திருந்த ஐயங்களை இனி யாரிடம் கேட்போம்?

மாணவனுக்குப் பாடம் சொல்வோர் பலர். அவனைத் தன்னோடு சரியாசனத்தில் அமர்த்துவோர் எத்தனை பேர்? ஆய்வு மாணவராக வந்த கேரி ஹேமலோடு சேர்ந்து எழுதினாய். நிறுவனத்தின் உள்ளார்ந்த ஆற்றல் எது என்று வினவிய உங்கள் கட்டுரை 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்தது. விற்கும் பொருள் இலையும் கனியும். கூடிக் கற்ற திறனே வேர் என்றீர்கள். ஹோண்டாவைக் காட்டினீர்கள்: மோட்டார் சைக்கிள், கார், புல்வெட்டும் எந்திரம், ஜெனரேட்டர் அனைத்துக்கும் அடியில் இருப்பது எஞ்சின் செய்யும் கைத்திறன் ஒன்றே. இன்று நட்டக்கணக்கு காட்டி ஒரு பிரிவை மூடுகையில், அதனோடு வெளியேறும் திறனை எந்த ஏட்டில் எழுதுகிறார்கள்? கேட்க நீ இல்லை.

வறியோரை இரங்கத்தக்கவராக மட்டும் கண்ட உலகை, அவர்தம் மதியையும் முயற்சியையும் மதிக்கச் சொன்னாய். 2004இல் வந்த உன் நூல், பிரமிடின் அடித்தளத்தில் செல்வம் உண்டு என்றது. அதற்குச் சான்றாக நீ மதுரையின் ஒரு மருத்துவமனையைக் காட்டினாய். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அது. அறுவை அரங்கில் மேசைகள் அருகருகே கிடக்கும். ஒன்றில் கண்புரை நீக்கம் முடியுமுன்பே மற்றதில் அடுத்தவர் ஆயத்தமாய்ப் படுத்திருப்பார். மருத்துவர் நுண்ணோக்கியை அப்படியே திருப்பிக்கொள்வார். சிற்றூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுப் பிற பணிகளைத் தாங்குவர். பணம் கட்டுவோர் தரும் தொகை, கட்ட இயலாதோர்க்கும் பார்வை தரும். அறத்துக்கும் கணக்குக்கும் பகையில்லை என்று அதைக் காட்டி உலகுக்கு உரைத்தாய்.

2009இல் பத்மபூஷண் வந்தது. உலகின் மேலாண்மைச் சிந்தனையாளருள் முதல்வன் என்ற பெயரும் வந்தது. மறுப்பும் வந்தது. ஏழையை வாங்குபவராகக் கண்டது போதாது, விளைவிப்பவராகக் காண வேண்டும் என்று உன் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அனில் கர்னானியே எதிர்நின்றார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஏழையும் வாங்கச் சிற்றுறையில் அடைத்து விற்கும் சாஷே வணிகத்துக்கு வழிதிறந்தவர் பழைய தென்னார்க்காட்டுக் கடலூரின் சின்னி கிருஷ்ணன். இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் ஷாம்பூ சரம் தொங்குகிறது. கிழித்தெறிந்த உறை வாய்க்காலை அடைக்கிறது. ஆயினும் உன் நூலில் வாங்குவோர் மட்டுமா இருந்தார்கள்? மண்டிக்குப் போகுமுன்பே ஊர்க் கணினியில் விலை பார்த்த மத்தியப் பிரதேசத்துச் சோயா உழவரும் இருந்தார்களே! நூலைப் படித்தவர்களோ அந்த ஏட்டைப் புரட்டாமல் மூடிவிட்டார்கள். திறந்து காட்ட நீ இல்லை.

மேலாண்மை கற்கும் இளையோரே! அழுதது போதும். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினரிடம் எதை விற்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். அவர்கள் விளைத்ததற்கு விலை சொல்லும் உரிமை அவர்களிடமே நிற்க என்ன அமைப்பு வேண்டும் என்று கேட்டுப் போங்கள். ஆசான் உரைத்ததில் பாதியை நிறுவனங்கள் கற்றுக்கொண்டு காசாக்கிவிட்டன. மறுபாதியைச் செய்து காட்டுவது மாணாக்கர் கடன்.